மண் கிண்ணமும் தங்க அறையும்: தேநீர் ஆசான் ரிக்யூவின் வரலாறு

1591-ம் ஆண்டு. ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரம். ஒரு வீட்டைச் சுற்றிப் படைவீரர்கள் காவல் நின்றார்கள்.

வீட்டுக்குள் இருந்தவர் 70 வயதுக் கிழவர். அவர் படை திரட்டியவர் அல்ல. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தவரும் அல்ல. தேநீர் கலந்து கொடுப்பதும், அதைப் பிறருக்குக் கற்றுக் கொடுப்பதும்தான் அவருடைய வேலை.

ஜப்பானைத் தன் காலடியில் கொண்டுவந்த ஹிதேயோஷி அவருக்கு ஓர் ஆணை அனுப்பியிருந்தான். கிழவர் தம் உயிரைத் தாமே போக்கிக் கொள்ள வேண்டும் என்பதே அந்த ஆணை.

அந்தக் கிழவரின் பெயர் சென் நோ ரிக்யூ. அவர் மறைந்து 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இன்றும் ஜப்பானில் தேநீர்க் கலையைப் பயில்கிறவர்கள் அவரைத்தான் ஆசானாகப் போற்றுகிறார்கள். அவர் விரும்பிய மண் கிண்ணங்களைப் பொருட்காட்சிச் சாலைகளில் பொக்கிஷம்போல் காக்கிறார்கள்.

ஒரு மண் கிண்ணத்தில் அப்படி என்ன இருக்கிறது? தேநீர் ஆசிரியரைக் கண்டு நாடாள்பவன் ஏன் கோபம் கொண்டான்? அதுதான் இந்த வரலாறு.

வியாபாரியின் மகன்

ரிக்யூ 1522-ம் ஆண்டில் சகாய் என்னும் துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். அது ஒசாக்கா நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கப்பல் வாணிபத்தில் கொழித்த ஊர். ரிக்யூவின் தந்தை அங்கே பண்டகசாலை வைத்திருந்த வியாபாரி. பெற்றோர் பிள்ளைக்கு வைத்த பெயர் யோஷிரோ. ரிக்யூ என்ற பெயர் பிற்காலத்தில் வந்தது.

அந்த நாளில் சகாய் வியாபாரிகளுக்குத் தேநீர்க் கலையில் பெரிய மோகம். நம் ஊரில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்ததுபோல, அங்கே தேநீர் கலக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அது நாம் குடிக்கும் பால் தேநீர் அல்ல. தேயிலைத் தளிரை ஆவியில் வாட்டி, உலர்த்தி, கல் எந்திரத்தில் மாவாக அரைப்பார்கள். பச்சைப் பசேலென்ற அந்தத் தூளைக் கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றுவார்கள். மூங்கிலில் செய்த சிறு மத்தினால் கலக்கிக் குடிப்பார்கள். 1191-ம் ஆண்டில் சீனாவிலிருந்து திரும்பிய ஏசாய் என்ற புத்த பிட்சு இந்தத் தூள் தேநீரை ஜப்பானில் பரப்பினார். தியானத்தில் தூக்கம் வராமல் இருக்கப் பிட்சுக்கள் இதைக் குடித்தார்கள். பிறகு பிரபுக்களிடமும் வியாபாரிகளிடமும் பரவியது.

யோஷிரோ வாலிப வயதிலேயே தேநீர் பயிலத் தொடங்கினார். தாக்கேனோ ஜோ என்ற பெரிய ஆசானிடம் சீடராகச் சேர்ந்தார்.

அதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஆசான் அவரைத் தோட்டம் பெருக்கச் சொன்னாராம். வாலிபர் ஒரு தூசி இல்லாமல் பெருக்கினார். பிறகு நின்று பார்த்தார். ஏதோ குறைவதுபோல் இருந்தது. ஒரு மரத்தை மெல்ல உலுக்கினார். நாலைந்து இலைகள் தரையில் உதிர்ந்தன. அதைப் பார்த்த ஆசான், இவன் தேறிவிடுவான் என்று முடிவு செய்தாராம். சுத்தம் வேண்டும், ஆனால் அது உயிரில்லாத சுத்தமாக இருக்கக் கூடாது என்பது அந்தக் கதையின் பொருள்.

கோட்டைக்கு ஈடான பாத்திரம்

அந்தக் காலம் ஜப்பானில் ஓயாத போர்க்காலம். சிற்றரசர்கள் ஒருவரையொருவர் வெட்டி மாய்த்துக் கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் குதிரை, வாள் ஆகியவற்றின் மேல் எவ்வளவு ஆசையோ, தேநீர்ப் பாத்திரங்கள் மேலும் அவ்வளவு ஆசை.

சீனாவிலிருந்து வந்த பளபளப்பான கிண்ணங்களுக்கும், தேயிலைத்தூள் வைக்கும் சிறு ஜாடிகளுக்கும் அவர்கள் கேட்ட விலை கொடுத்தார்கள். போரில் வென்ற தளபதிக்கு நிலம் கொடுப்பதற்குப் பதில் ஒரு ஜாடியைப் பரிசளித்த காலம் அது. 1577-ல் மத்சுனாகா ஹிசாஹிதே என்ற சிற்றரசன், எதிரி கேட்ட தேநீர்க் கெண்டியைக் கொடுக்க மனமில்லாமல், கோட்டை விழும் நேரத்தில் அதை உடைத்துவிட்டு மாண்டான் என்று சொல்வார்கள்.

வெந்நீரும் தேயிலையும் கலக்க ஒரு பாத்திரம் வேண்டும். அவ்வளவுதான் தேவை. ஆனால் தேவை மறைந்துபோய் ஆடம்பரமே மிஞ்சியது. கிண்ணம் குடிப்பதற்காக இல்லாமல், காட்டுவதற்காக ஆகிவிட்டது.

இதை மாற்ற முயன்றவர்கள் ரிக்யூவுக்கு முன்பே இருந்தார்கள். முராத்தா ஜுகோ என்பவரும், ரிக்யூவின் ஆசான் ஜோவும் எளிய பாத்திரங்களின் அழகை எடுத்துச் சொன்னார்கள். ரிக்யூ அந்தப் பாதையில் கடைசி வரை நடந்தார். கிணற்றில் நீர் இறைக்கும் மரவாளி அவருடைய தேநீர் அறையில் தண்ணீர்ப் பாத்திரம் ஆயிற்று. மீனவரின் கூடை பூக்குடுவை ஆயிற்று. மூங்கிலை வெட்டி அவரே பூக்குழாய் செய்தார்.

இரண்டு பாய் அறை

முதலில் ஒடா நொபுநாகா என்ற பெருந்தலைவன் ரிக்யூவைத் தன் தேநீர் ஆசிரியர்களில் ஒருவராக வைத்துக் கொண்டான். 1582-ல் சொந்தத் தளபதி ஒருவனின் துரோகத்தால் நொபுநாகா மாண்டான். அவனுக்குப் பின் ஹிதேயோஷி தலையெடுத்தான். அப்போது ரிக்யூவுக்கு வயது 60.

ஹிதேயோஷி ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன். சாதாரணச் சேவகனாகத் தொடங்கி, புத்தியாலும் துணிவாலும் நாட்டின் உச்சிக்கு ஏறியவன். அவனுக்கு ரிக்யூவின் மேல் மிகுந்த மதிப்பு இருந்தது. அரசியல் காரியங்களில்கூட ரிக்யூவின் சொல்லுக்கு எடை இருந்தது. ஹிதேயோஷியைப் பார்க்க வேண்டியவர்கள் முதலில் ரிக்யூவைப் பார்த்தார்கள்.

1585-ல் ஹிதேயோஷி அரண்மனையில் சக்கரவர்த்திக்குத் தேநீர் படைத்தான். சாதாரண வியாபாரி குலத்தவர் அரண்மனைக்குள் நுழைய முடியாது. ஆகவே சக்கரவர்த்தியே அவருக்கு ஒரு புதுப் பெயர் அளித்தார். அதுதான் ரிக்யூ.

அந்த நாட்களில் ரிக்யூ கட்டிய தேநீர் அறைகளில் ஒன்று இன்றும் இருக்கிறது. கியோட்டோவுக்கும் ஒசாக்காவுக்கும் நடுவில் யமாசாக்கி என்ற ஊரில், மியோகியான் கோவிலில் அது நிற்கிறது. பெயர் தாய்யான். உள்ளே உட்காரும் இடம் இரண்டு பாய் விரிக்கும் அளவுதான். ஏறக்குறைய 6 அடிக்கு 6 அடி. சுவர் வெறும் மண். வைக்கோல் கலந்த பூச்சு.

அதற்குள் நிமிர்ந்து நடந்து போக முடியாது. வாசல் ஏறக்குறைய இரண்டரை அடி உயரம். எவரானாலும் குனிந்து, முழங்காலிட்டுத்தான் நுழைய வேண்டும். இடுப்பில் நீண்ட வாளோடு நுழைய முடியாது. வாளை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும்.

உள்ளே பிரபுவும் வியாபாரியும் முழங்காலோடு முழங்கால் உரச உட்கார்ந்தார்கள். கெட்டியாகக் கலந்த தேநீரை ஒரே கிண்ணத்தில் வைத்து, ஒருவர் குடித்துவிட்டு, விளிம்பைத் துடைத்து அடுத்தவரிடம் கொடுத்தார்கள். தேநீர்க் கடையில் சாதிக்கு ஒரு தம்ளர் வைத்த கொடுமையைப் பார்த்த நமக்கு, இந்த ஒரே கிண்ணத்தின் அருமை நன்றாகப் புரியும்.

ஓடு செய்தவர் கிண்ணம் செய்தார்

பல கைகள் மாறும் அந்தக் கிண்ணம் எப்படி இருக்க வேண்டும்? ரிக்யூ சிந்தித்தார். சீனக் கிண்ணம் அவருக்குச் சரிப்படவில்லை. கொரியா நாட்டு எளிய கிண்ணங்களை அவர் விரும்பினார். அவையும் பிற தேவைக்காகச் செய்தவையே. தேநீருக்கென்றே ஒரு கிண்ணம் வேண்டும் என்று நினைத்தார்.

கியோட்டோவில் சோஜிரோ என்றொரு மண் கலைஞர் இருந்தார். கூரை முகட்டில் வைக்கும் சிங்க உருவம் ஒன்றை அவர் 1574-ல் செய்திருக்கிறார். அது இன்றும் இருக்கிறது. அவரிடம் ரிக்யூ தம் எண்ணத்தைச் சொன்னார். சொன்னவர் ஒருவர், செய்தவர் ஒருவர். இருவர் கருத்தும் கலந்து பிறந்தது ஒரு புதிய கிண்ணம். 1586-ம் ஆண்டுத் தேநீர்க் குறிப்பு ஒன்றிலேயே ரிக்யூ வடிவக் கிண்ணம் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது.

நம் குயவர்கள் சக்கரத்தைச் சுழற்றி மண்ணை வனைகிறார்கள். சோஜிரோ சக்கரத்தைத் தொடவில்லை. மண்ணை அடை தட்டுவதுபோல் வட்டமாகத் தட்டினார். ஓரத்தை இரு கைகளாலும் மெல்ல மெல்ல மேலே தூக்கினார். உள்ளங்கைகள் குவிந்த வடிவமே கிண்ணத்தின் வடிவம் ஆயிற்று. சற்றுக் காய்ந்ததும் கத்தியால் உள்ளும் புறமும் சீவினார்.

பிறகு மெருகு பூசிச் சிறிய சூளையில் வைத்தார். கரி நெருப்பைத் துருத்தியால் ஊதினார். மெருகு உருகியதும், சூளை ஆறும் வரை காத்திருக்கவில்லை. தணலாகச் சிவந்த கிண்ணத்தை இரும்புக் குறடால் பிடித்து வெளியே எடுத்தார். திடீரென்று குளிர்ந்ததால் மெருகு ஆழ்ந்த கறுப்பாக மாறியது. குறடு பிடித்த தழும்பு சில கிண்ணங்களில் இன்றும் தெரிகிறது.

சிவப்புக் கிண்ணமும் உண்டு, கறுப்புக் கிண்ணமும் உண்டு. பூ இல்லை, கொடி இல்லை, சித்திரம் இல்லை. அகலம் 4 அங்குலம், உயரம் 3 அங்குலத்துக்கு மேல். பார்த்தால் அடுப்படியில் கிடக்கும் சட்டிபோல இருக்கும்.

கைக்கும் வாய்க்கும் ஏற்றது

ஆனால் அந்தச் சட்டியில் எதுவும் காரணம் இல்லாமல் இல்லை.

நாம் எவர்சில்வர் தம்ளரில் சூடான காபியை வாங்கினால் விரல் சுடுகிறது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறோம். சற்று நேரத்தில் காபியும் ஆறிவிடுகிறது. உலோகம் சூட்டை விரைவில் கடத்துகிறது. மண் அப்படி அல்ல. சோஜிரோவின் கிண்ணம் தடித்தது. மண்ணுக்குள் நுண்ணிய துளைகள் நிறைந்தது. ஆகவே உள்ளே சூடு தங்கும். வெளியே கைக்கு இதமான வெதுவெதுப்பு மட்டும் வரும்.

ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. பனிக் காலத்துக் காலை வேளையில் சூடான சாமைக் கூழை மண் சட்டியில் ஊற்றி இரு கையாலும் ஏந்திப் பாருங்கள். குளிருக்குக் கை அந்தச் சட்டியை விடாது. ரிக்யூ தம் விருந்தினருக்குக் கொடுக்க நினைத்த சுகம் அதுவே.

கிண்ணத்தின் சுவர் ஏறக்குறைய நேராக எழுகிறது. அதனால் மூங்கில் மத்தால் கலக்கும்போது தேநீர் வெளியே தெறிப்பதில்லை. உள் அடியில் கூர்மையான மூலை கிடையாது. மத்தின் மெல்லிய பற்கள் மாட்டி ஒடிவதில்லை. விளிம்பு சற்றே உள்நோக்கி வளைந்திருக்கிறது. உதட்டில் வைத்தால் மென்மையாகப் பொருந்துகிறது. அடிநடுவில் சிறு பள்ளம் இருக்கிறது. கடைசித் துளித் தேநீர் அங்கே வந்து சேர்கிறது. கீழே ஒரு சிறு வளையம் இருக்கிறது. அதனால் கிண்ணத்தின் சூடு பாயில் நேராகப் படுவதில்லை. எடுக்கும்போது விரலுக்கும் பிடி கிடைக்கிறது.

கறுப்பு நிறத்துக்கும் காரணம் உண்டு. மங்கிய வெளிச்சமுள்ள அறை. கறுப்புக் கிண்ணம் அந்த இருட்டோடு இருட்டாக ஒடுங்கிவிடுகிறது. அதற்குள் பச்சைத் தேநீர் மட்டும் தனியே துலங்குகிறது. கிண்ணம் பின்னுக்குப் போய்த் தேநீரை முன்னுக்கு நிறுத்துகிறது.

அழகு தனியே ஒட்டவைத்தது அல்ல. வேலையை ஒழுங்காகச் செய்வதிலேயே அந்தக் கிண்ணத்தின் அழகு இருந்தது.

தங்கத்தில் ஓர் அறை

ஹிதேயோஷிக்கோ தங்கம்தான் பிடித்தது. அவன் ஒரு தேநீர் அறை செய்தான். சுவர் தங்கத் தகடு. தூண் தங்கத் தகடு. உள்ளே பாத்திரங்களும் தங்கம். கழற்றி எடுத்துச் சென்று வேறிடத்தில் பூட்டிக் கொள்ளலாம். 1586-ல் சக்கரவர்த்தியின் அரண்மனையிலேயே அந்த அறையைக் கொண்டுபோய் நிறுத்தினான்.

அடுத்த ஆண்டு, 1587-ல், கியோட்டோவில் கித்தானோ கோவில் தோப்பில் மாபெரும் தேநீர் விழா நடத்தினான். ஏழை பணக்காரன் பாராமல் எல்லோரும் வரலாம், ஒரு கெண்டியும் கிண்ணமும் கொண்டுவந்தால் போதும் என்று பலகை வைத்தான். நூற்றுக்கணக்கானவர்கள் தோப்பில் பாய் விரித்தார்கள். அங்கேயும் தங்க அறை பளபளத்தது. ஹிதேயோஷி, ரிக்யூ ஆகியோரும் தம் கையால் தேநீர் கலந்து கொடுத்தார்கள். பத்து நாள் நடக்க வேண்டிய விழா ஒரே நாளில் முடிந்தது.

ஒருவனுக்குத் தங்கம். ஒருவருக்கு மண். ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் விடவில்லை. ஹிதேயோஷி இரண்டு பாய் அறைக்குள்ளும் குனிந்து நுழைந்தான். ரிக்யூ அவனுடைய சபையிலும் அமர்ந்தார்.

இதற்கும் ஒரு கதை உண்டு. ரிக்யூவின் தோட்டத்தில் காலையில் மலரும் கொடிப்பூ கொள்ளை அழகு என்று கேள்விப்பட்டு ஹிதேயோஷி ஒருநாள் விடியற்காலையில் போனானாம். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை. எல்லாவற்றையும் அறுத்துவிட்டிருந்தார். கோபத்தோடு தேநீர் அறைக்குள் நுழைந்தான். சுவர் மாடத்தில் ஒரே ஒரு பூ, பனித்துளியோடு இருந்தது. ஆயிரம் பூவில் காணாத அழகை அந்த ஒரு பூவில் கண்டு அவன் திகைத்து நின்றானாம்.

கறுப்புக் கிண்ணம் ஹிதேயோஷிக்குப் பிடிக்காது என்று அக்காலத்து வியாபாரி ஒருவரின் நாட்குறிப்பிலிருந்து தெரிகிறது. ரிக்யூவுக்கும் அது தெரியும். தெரிந்தும் அவர் கறுப்புக் கிண்ணத்தைக் கைவிடவில்லை.

பகை மூண்டது

1590-ல் மேகம் திரண்டது. ரிக்யூவின் சீடர் யமானோவே சோஜி ஹிதேயோஷியின் கோபத்துக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். 1591-ம் ஆண்டு தொடக்கத்தில் ஹிதேயோஷியின் தம்பி ஹிதேநாகா நோயில் இறந்தான். ரிக்யூவுக்குச் சபையில் பெரும் துணையாக இருந்தவன் அவன்தான்.

சில வாரங்களில் ரிக்யூ மேல் குற்றம் சாட்டினார்கள். தைத்தோகுஜி என்ற கோவிலின் வாசல் மாடத்தை ரிக்யூ தம் பொருள் கொடுத்துக் கட்டி முடித்திருந்தார். கோவிலார் நன்றிக்காக அவருடைய மரச்சிலையை அந்த மாடத்தில் வைத்தார்கள். சிலையின் காலில் செருப்பு இருந்தது. அந்த வாசலில் நுழைகிறவர்கள் எல்லோரும் ஒரு வியாபாரியின் செருப்புக் காலுக்குக் கீழே போக வேண்டுமா என்று கேட்டார்கள். தேநீர்ப் பாத்திரங்களுக்கு அநியாய விலை வைத்தார் என்பது இன்னொரு குற்றச்சாட்டு.

ரிக்யூ பாத்திரம் வாங்கி விற்றது உண்மை. அவர் நல்லது என்று சொன்ன கிண்ணத்துக்கு உடனே விலை ஏறியதும் உண்மை. எது அழகு என்று நாட்டுக்குச் சொல்லும் அதிகாரம் ஒரு வியாபாரியின் நாவில் இருந்தது. வாளால் எல்லாவற்றையும் வென்றவனுக்கு அதை வெல்ல முடியவில்லை. உண்மைக் காரணம் எது என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

ரிக்யூவைச் சகாய்க்குப் போய் அடங்கியிருக்கும்படி ஆணை வந்தது. அவர் படகேறிய துறைக்கு, ஹிதேயோஷிக்கு அஞ்சி யாரும் வரவில்லை. இரண்டு பேர் மட்டும் வந்தார்கள். ஹொசொகாவா, ஃபுருத்தா ஒரிபே என்ற இரு பிரபுக்கள். இருவரும் அவருடைய சீடர்கள்.

மன்னிப்புக் கேட்டால் பிழைக்கலாம் என்று வேண்டியவர்கள் சொன்னதாகக் கூறுவார்கள். ரிக்யூ கேட்கவில்லை. மரச்சிலையைக் கோவிலிலிருந்து இறக்கிக் கியோட்டோவில் ஒரு பாலத்தடியில் தண்டனைக்கு நிறுத்தினார்கள். பிறகு அவரையே கியோட்டோவுக்கு அழைத்து வந்தார்கள்.

கடைசித் தேநீர்

1591-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி ரிக்யூ உயிர் துறந்தார்.

அவருடைய கடைசித் தேநீரைப் பற்றி ஒகாகுரா ககுசோ என்ற ஜப்பானிய அறிஞர் எழுதியிருக்கிறார். 1901-ல் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு நட்புக் கொண்டவர் அவர். 1906-ல் வெளியான அவருடைய தேநீர் நூல் ரிக்யூவின் மரணத்தோடுதான் முடிகிறது. ரிக்யூ சீடர்களை அழைத்துத் தேநீர் கொடுத்தார். பாத்திரங்களை ஒவ்வொருவருக்கும் பரிசாகப் பங்கிட்டார். கிண்ணத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் உடைத்துவிட்டார். வழிவழியாக வந்த அந்தக் கதையை ஒகாகுரா அப்படிச் சொல்கிறார்.

சாவதற்கு முன் ரிக்யூ தம் கையால் மூங்கிலில் ஒரு சிறு தேயிலைக் கரண்டி சீவினார். அதற்குக் கண்ணீர் என்று பெயர். அதை ஒரிபேயிடம் கொடுத்தார். ஒரிபே அதற்கு ஒரு கறுப்பு உறை செய்து, அதில் சிறு ஜன்னல் வைத்து, ஆசானின் நினைவுச் சின்னமாக வணங்கினார். அந்தக் கரண்டி இன்றும் நகோயா நகரப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது.

மண் மிஞ்சியது

ஹிதேயோஷி 1592-ல் கொரியாவின் மேல் படையெடுத்தான். போர் 1598 வரை நடந்தது. அந்த ஆண்டிலேயே அவனும் இறந்தான். கொரியக் குயவர்கள் பலரை ஜப்பானியப் பிரபுக்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜப்பானில் பெயர்பெற்ற பல மண்பாண்டச் சூளைகள் அந்தக் குயவர்கள் கையால் வளர்ந்தவை. கிண்ணத்தின் மேல் கொண்ட ஆசை அப்படியும் ஒரு கண்ணீர்க் கதையை விட்டுச் சென்றது.

ரிக்யூவின் குடும்பம் சிதறிப் பிறகு மீண்டது. அவருடைய கொள்ளுப் பேரர்கள் மூவர் வழியாக வந்த மூன்று தேநீர்ப் பள்ளிகள் இன்றும் கியோட்டோவில் நடக்கின்றன. சோஜிரோ 1589-லேயே இறந்துவிட்டார். அவர் தொடங்கி வைத்த தொழிலை ராக்கு என்ற பெயர் கொண்ட குடும்பம் 16-வது தலைமுறையாகச் செய்து வருகிறது. இன்றும் சக்கரம் இல்லை. கைதான்.

அந்தக் கலையின் காற்று நம் நாட்டுக்கும் வீசியது. சர்தார் குர்சரண் சிங் என்பவர் 1919-ல் மண்பாண்டக் கலை பயில ஜப்பானுக்குப் போனார். அங்கே கைத்தொழிலின் அழகைப் போற்றிய யனாகி, ஹமாதா போன்றவர்களோடு பழகினார். திரும்பி வந்து டில்லியில் கலை மண்பாண்டத் தொழிலை வளர்த்தார். நம் பக்கத்தில் புதுச்சேரியிலும் 1971 முதல் கையால் வனையும் மண்பாண்டக் கூடம் ஒன்று பெயர்பெற்று விளங்குகிறது.

ரிக்யூவின் எளிய கிண்ணங்களுக்கு இன்று பெரும் விலை. கண்ணாடிப் பெட்டிக்குள் அவை உட்கார்ந்திருக்கின்றன. கையில் ஏந்திக் குடிக்கப் பிறந்த கிண்ணத்தைத் தொடக்கூட முடியாமல் போனதை ரிக்யூ பார்த்தால் என்ன நினைப்பாரோ!

ஹிதேயோஷியின் தங்க அறை இன்று இல்லை. அதைப் பார்த்துச் செய்த மாதிரிகள் மட்டுமே உண்டு. யமாசாக்கியில் இரண்டு பாய் மண் அறை அப்படியே நிற்கிறது. உள்ளே போக இன்றும் குனியத்தான் வேண்டும்.